காயைத் தொடும் முன்: செஸ் பஸில் பயிற்சியில் நான் கண்டவை

ஒரு நிலையைக் காட்டிச் சரியான மூவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பஸில்களில் ரேட்டிங் (திறமைப் புள்ளி) 2000-ஐத் தாண்டிய பையன்கள், வாரக் கடைசி ஓப்பன் போட்டியில் இரண்டாவது ரவுண்டிலேயே ஒரு குதிரையைச் சும்மா விட்டுவிட்டு முகம் வாடி வெளியே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் கேட்பது ஒரே கேள்விதான். "தினமும் பஸில் போடுறானே சார், அப்புறம் ஏன்?" நியாயமான கேள்வி. மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். லீவு கிடைத்தால் நானும் போய்ப் போட்டியில் உட்காருகிறேன். அதனால் இந்தக் கேள்வி வருடக்கணக்கில் என்னோடு இருக்கிறது. எனக்குப் பலன் தந்ததையும், பிள்ளைகளிடம் கண்ணால் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

பஸில் போடுவதால் பலன் உண்டு, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நம் அளவில் ஆடப்படும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஓப்பனிங் ஞானத்தால் முடிவதில்லை. யாரோ ஒருவர் ஒரு காயைக் கவனிக்காமல் விடுகிறார், எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துவிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் பஸில் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. தெரிந்த வடிவத்தைக் கண் சட்டென்று பிடிப்பது ஒன்று. வரிசையை மனதுக்குள் கடைசி வரை ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று. "இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, நில்" என்று உரிய நேரத்தில் தோன்றுவது மற்றொன்று. போனில் விறுவிறுவென்று தட்டிக்கொண்டே போனால் முதலாவதற்கு மட்டுமே பயிற்சி. ஆட்டம் தோற்றுப் போவதோ மற்ற இரண்டில்.

கண் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டச்சு உளவியலாளர் டி க்ரூட் முன்பே தொடங்கிவைத்த ஒரு சோதனையை விரிவாகச் செய்து பார்த்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதிதாக ஆடுபவரால் நாலைந்து காய்க்கு மேல் வைக்க முடியவில்லை. அதே காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் சாமர்த்தியம் ஏறக்குறைய காணாமலே போனது. நினைவாற்றல் பொதுவாகப் பெரிதாக இருந்தது என்பதல்ல காரணம். காஸ்லிங் செய்த ராஜா, அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய், எஃப்6 கட்டத்தில் குதிரை (பலகையின் பத்திகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்) என்று கூட்டம் கூட்டமாக அவர் கண் பார்க்கிறது. அந்தக் கூட்டங்களைச் சேர்த்துத் தருவதுதான் எளிய பஸில்களின் வேலை.

அதனால்தான் "எளிய" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி, யோசிக்காமல் வர வேண்டியவை இவை: மேட் இன் ஒன் (ஒரே மூவில் மேட்), மேட் இன் டூ, குதிரை ஃபோர்க் (ஒரே குதிரை இரண்டு காய்களைத் தாக்குவது), கடைசி வரிசை மேட், ஒரு காய் விலகிப் பின்னாலிருக்கும் காய்க்கு வழிவிடும் டிஸ்கவர்டு அட்டாக். லீசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் பஸில்களின் கடினத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். நம் பஸில் ரேட்டிங்கைவிட 300 அல்லது 600 புள்ளி கீழே வரும்படி வைக்க முடியும். தீம் வாரியாகவும் பிரித்துப் போடலாம். எல்லாம் இலவசம், விளம்பரமும் கிடையாது, பஸில்களெல்லாம் அங்கே ஆடப்பட்ட உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுத்தவை. ரேட்டிங் கணக்கில் சேராதபடி அணைத்துவைக்கவும் வசதி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை முதல் நாளே அணைத்துக் கொடுத்துவிடுகிறேன். எண் மேலே போவதும் கீழே வருவதும் கண்ணில் பட்டால், பையன் பலகையைப் பார்ப்பதை விட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான்.

இன்னொன்று, திரும்பப் போடுவது. தினமும் புதுசு புதுசாகப் போட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. எனக்குப் பலன் தந்தது பழையதைத் திரும்பப் போட்டதுதான். ஸ்வீடன் ஆட்டக்காரர் ஹான்ஸ் டிக்கனென் ஒரே பஸில் தொகுப்பைச் சுற்றுச் சுற்றாகப் போட்டார். ஒவ்வொரு சுற்றையும் முந்தையதைவிடக் குறைந்த நாளில் முடித்தார். 2010-ல் அந்தப் பயிற்சிக்குப் பிறகு ஏழு வாரத்துக்குள் மூன்று கிராண்ட்மாஸ்டர் நார்ம் (அந்தப் பட்டத்துக்குத் தேவையான போட்டித் தகுதி) எடுத்தார். நமக்கு நார்ம் வேண்டாம். ஆனால் முந்நூறு எளிய பஸிலை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் நாலைந்து முறை சுற்றி வந்தால், நாலாவது சுற்றில் நடக்கும் மாற்றம் நமக்கே தெரியும். பதில் ஞாபகத்திலிருந்து வருகிறதே, இது ஏமாற்று இல்லையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஞாபகத்திலிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் போடுகிறோம்.

இனி வருவதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி.

போனில் பஸில் போடும்போது நடப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முதல் மூவை நாம் வைக்கிறோம். சரி என்று பச்சை விழுந்ததும் எதிராளியின் பதிலை மென்பொருளே நகர்த்திக் காட்டிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த மூவை வைக்கிறோம். திரும்பவும் எதிராளியின் பதில் தானாக வருகிறது. மூன்று மூவ் கணக்கிட்டதாக நமக்கு ஒரு நிறைவு. உண்மையில் ஒரு மூவை மூன்று முறை கண்டுபிடித்திருக்கிறோம். எதிராளி என்ன ஆடுவார் என்ற பாதியை, அதாவது கஷ்டமான பாதியை, நமக்காக வேறு யாரோ செய்துவிட்டார்கள். போட்டி மேஜையில் அந்தப் பாதியைச் செய்துதர யாரும் இல்லை.

எங்கள் மாடியில் இதைப் புரியவைக்க நான் வைக்கும் நிலை ஒன்று உண்டு. வெள்ளைக்கு சி4-ல் ராணி வரப்போகிறது, ஜி5-ல் குதிரை. கறுப்பு ராஜா ஜி8-ல், முன்னால் ஜி7, எச்7 சிப்பாய்கள், டி8-ல் யானை. சி4-ல் ராணி செக். ராஜா எஃப்8 போனால் எஃப்7-ல் ராணி மேட், அதனால் எச்8. குதிரை எஃப்7-ல் செக், ராஜா மறுபடி ஜி8. குதிரை எச்6 வரும்போது ராணியும் குதிரையும் சேர்ந்து இரட்டை செக். ராஜா எச்8. இப்போது ராணியை ஜி8-ல் கொண்டுபோய் வைத்தால், குதிரையின் காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். யானை வந்து உட்கார்ந்ததும் ராஜாவுக்கு நாலு பக்கமும் சொந்தக் காய்களே அடைப்பு. குதிரை எஃப்7, மேட். 1497-ல் ஸ்பெயினில் அச்சான லுசேனாவின் நூலிலேயே இந்த வடிவம் இருக்கிறது. ஐந்நூறு வருஷம் பழையது. இன்றைக்கும் முதன்முதலாகப் பார்க்கும் குழந்தையின் கண் விரிவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் இதை நன்றாகப் பழகிய பிறகு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் யானையை டி8-லிருந்து எஃப்8-க்கு மாற்றி வைத்தேன். மற்றதெல்லாம் அப்படியே. எங்கள் குழுவிலேயே வேகமான, எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பார்த்த வினாடியே ராணியை சி4-ல் வைத்துவிட்டாள். நான் ராஜாவை எச்8-க்கு நகர்த்தினேன். குதிரையை எஃப்7-ல் டக்கென்று இறக்கினாள். யானையால் குதிரையை வெட்டினேன். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சார், இது அந்த மேட்தானே?"

"அந்த மேட்ல யானை எங்கம்மா இருந்துச்சு?"

பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரெண்டு கட்டம் தள்ளி" என்றாள். அப்புறம் அவளாகவே, ராணியால் எஃப்7-ல் வெட்டினால் குதிரைக்கு யானை கிடைக்கிறது, மேட் இல்லை, ஆனாலும் லாபம்தான் என்று கணக்குச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவளைப் பற்றி எனக்கு நம்பிக்கை அதிகம். தெரிந்த வடிவம் கண்ணில் பட்டதும் கை ஓடுவதை நிறுத்தி, இந்தப் பலகையில் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது தனிப் பழக்கம். பஸில் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் அது வந்துவிடாது, வேகம்தான் கூடும்.

அந்தப் பழக்கத்துக்கு எங்கள் மாடியில் ஒரே விதி. வரிசை முழுவதையும், எதிராளியின் மூவ்களோடு சேர்த்து, வாயால் சொல்லி முடிக்கும் வரை கை மடியில் இருக்க வேண்டும். "சி4 செக், எச்8, எஃப்7 செக்" என்று சொல்லிக்கொண்டே வரும்போது, "யானை வெட்டுமே" என்பது நாக்கிலேயே வந்து நின்றுவிடும். தனியாகப் பயிற்சி செய்பவர்கள் நோட்டில் எழுதலாம். நான் இடது பக்கத்தில் என் வரிசையை எழுதி முடித்த பிறகே மென்பொருளில் முதல் மூவை வைக்கிறேன். முதல் மூவ் சரியாக இருந்து, நான் எழுதாத ஒரு பதிலை எதிராளி ஆடினால், பச்சை விழுந்தாலும் என் கணக்கில் அது தவறுதான். இப்படிக் கறாராக வைத்தால் ஆரம்பத்தில் சரியான பதில்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். இறங்கட்டும்.

எழுதும் பழக்கம் வீட்டோடு சரி. முன்பெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களே மூவை ஸ்கோர்ஷீட்டில் எழுதிவிட்டு, மறுபடி ஒருமுறை பலகையைப் பார்த்துவிட்டு நகர்த்துவார்கள். இப்போது உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஆடுவதற்கு முன்னால் எழுதக் கூடாது, ஆர்பிட்டர் (நடுவர்) எச்சரிப்பார். ஆகவே அந்த இன்னொரு பார்வை மனதுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். வீட்டில் எழுதி எழுதிப் பழகியவர்களுக்கு அது நடக்கிறது.

எதிராளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் இருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் காட்டும் ஆட்டம், 1910-ல் வியன்னாவில் ரெட்டி டார்ட்டகோவரை 11 மூவில் முடித்தது. ஒன்பதாவது மூவில் ரெட்டி தன் ராணியை டி8-ல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ராஜா வெட்டியே ஆக வேண்டும். உடனே டி2-லிருந்த பிஷப் ஜி5-க்குத் தாவுகிறது. பிஷப்பும் பின்னாலிருக்கும் டி1 யானையும் சேர்ந்து இரட்டை செக். பஸிலாக வைத்தால் பிள்ளைகளில் பாதிப் பேர் ராணியை டி8-ல் கொடுத்துவிடுவார்கள். பஸில் என்றாலே ராணியைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அதற்கு நான் மார்க் தருவதில்லை. ராஜா சி7 போனால் என்ன, இ8 போனால் என்ன? சி7 போனால் பிஷப் டி8-ல் மேட்; இ8 போனால் யானை டி8-ல் மேட். இரண்டு கிளையையும் சொன்னவருக்குத்தான் மார்க். டார்ட்டகோவர் எந்தப் பக்கம் போவார் என்று ராணியைக் கொடுக்கும்போது ரெட்டிக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் முடிந்தது என்று தெரியும். அந்த நிச்சயம் இல்லாமல் ராணியைக் கொடுப்பது சூதாட்டம்.

தவறிய பஸில்களை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பதிலைப் பார்த்ததும் "அட, இதானா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனால் அந்தப் பஸில் வீண். தவறு மூன்று விதமாக வருகிறது, மூன்றுக்கும் மருந்து வேறு. அந்த மூவ் மனதில் தோன்றவே இல்லை என்பது ஒரு வகை. தோன்றியது, ஆனால் "இது ஆகாது" என்று பாதியிலேயே விட்டுவிட்டோம் என்பது இரண்டாவது. நம் மூவ் சரி, எதிராளியின் பதிலைப் பார்க்கவில்லை என்பது மூன்றாவது. நோட்டின் ஓரத்தில் எது என்று ஓர் அடையாளம் போட்டுவைத்தால், சில வாரத்திலேயே உங்கள் கண் எங்கே குருடு என்று தெரிந்துவிடும். பலருக்கும் பின்னோக்கி வரும் குதிரை மூவ் தெரிவதில்லை. நீண்ட மூலைவிட்டத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் பிஷப் தெரிவதில்லை. செக்கும் இல்லாமல் வெட்டும் இல்லாமல் அமைதியாக ஒரு கட்டம் நகரும் மூவ் சுத்தமாகத் தெரிவதில்லை. எனக்கு இந்தக் கடைசி வகைதான் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. லீசெஸ்ஸில் அமைதியான மூவ்களுக்கும் தற்காப்பு மூவ்களுக்கும் தனித்தனித் தீம் இருக்கிறது. அவற்றை மட்டும் எடுத்து, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்த பிறகு மெல்ல வந்தது. தற்காப்புப் பஸில்களை யாரும் விரும்பிப் போடுவதில்லை என்பது எனக்கு வருத்தம். எதிராளியின் தந்திரம் நடக்காமல் தடுப்பதும் டாக்டிக்ஸ்தான் (தந்திரக் கணக்குத்தான்). தடுத்து டிரா செய்த ஆட்டத்துக்குக் கிடைக்கும் அரைப் புள்ளிக்கும் பாயிண்ட் டேபிளில் மதிப்பு உண்டு.

அடுத்தது, உரிய நேரத்தில் நிற்பது. இதைப் பற்றிப் பேச 2024 டிசம்பர் 12-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் ஆறரைக்கு ஆறரை என்று சமம். நடப்பது 14-ஆவது, கடைசி கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம். குகேஷுக்குக் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது டிரா. 55-ஆவது மூவில் டிங் தன் யானையை எஃப்2-ல் வைத்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். காய் குறைந்தால் டிரா பக்கத்தில் வரும் என்பது பொது வழக்கம். மூவ் பார்க்க வெகு இயல்பாக இருந்தது.

ஆனால் டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நிற்கிறது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் வழி. யானைகள் மாறியதும் குகேஷ் தன் பிஷப்பை அதே மூலைவிட்டத்தில் டி5-ல் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை பிஷப் எங்கே ஒதுங்கினாலும் வெட்டுப்படும். வெட்டினால் ராஜா வெட்டும். பிஷப்களும் போனால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும், அங்கே கூடுதல் சிப்பாய் வென்றுவிடும். ஆட்டம் 58-ஆவது மூவில் முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்.

இதை ஒரு பஸிலாக வைத்தால் கடினம் என்று சொல்ல முடியாது. யானையை வெட்டு, பிஷப்பைக் கொண்டுவா, மாற்று. எங்கள் மாடியில் சிப்பாய் எண்ட்கேம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். ஆனால் குகேஷ் பின்னர் பேசும்போது, டிங் அந்த மூவை ஆடியதும் தனக்கு உடனே உறைக்கவில்லை என்றும், யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்தவிருந்த நிலையில்தான் பிஷப் மாட்டிக்கொள்வதைக் கவனித்ததாகவும் சொன்னார். ஏறக்குறைய மூன்று வாரமாக நடந்த போட்டியின் மொத்தப் பலனும் அந்த ஒரு நிதானத்தில் இருந்தது. பஸிலில் "கறுப்பு ஆடி வெல்லும்" என்று மேலே எழுதியிருக்கும். சிங்கப்பூரில் அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை.

இந்தத் திறமையைப் பஸிலால் வளர்க்க முடியுமா? நேராக முடியாது, சுற்றி வளைத்து முடியும் என்பது என் அனுபவம். நான் செய்வதில் ஒன்று, பஸிலோடு பஸில் இல்லாததையும் கலப்பது. மாடியில் ஐந்து நிலை வைத்தால் அதில் இரண்டில் எந்தத் தந்திரமும் இருக்காது. "இங்கே ஒண்ணுமில்ல சார், யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவரலாம்" என்று சொன்னால் முழு மார்க். ஆரம்பத்தில் பிள்ளைகள் தவித்துப்போவார்கள்; இல்லாத ராணி பலியைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பார்கள். சில மாதத்தில் தேடும் விதமே மாறிவிடும். பதில் இருக்கிறது என்ற உறுதியோடு தேடுவது ஒன்று. இருக்கிறதா என்று பார்ப்பது வேறொன்று.

இன்னொன்று, பார்க்க வேண்டிய அறிகுறிகளைப் பழக்கப்படுத்திக்கொள்வது. எதிராளி ஒரு மூவ் ஆடியதும் அந்தக் காய் எங்கே வந்தது என்று எல்லாரும் பார்க்கிறோம். அது எதற்குக் காவலாக இருந்துவிட்டு இப்போது விலகி வந்திருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. காவல் இல்லாத காய் எதிர்ப்பக்கம் இரண்டு இருந்தால் நின்றுவிட வேண்டும். ராஜாவுக்கு ஒதுங்க ஒரு கட்டமும் இல்லை என்றால் நின்றுவிட வேண்டும். 1914-ல் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன், கபாபிளாங்காவின் சி3 சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். சும்மா கிடைத்த சிப்பாய் மாதிரிதான் தெரிந்தது. காய்கள் மாறி முடிந்ததும் கபாபிளாங்கா தன் ராணியை பி2-ல் கொண்டுபோய் வைத்தார். அதை வெட்டினால் டி1-ல் யானை மேட். வெட்டாவிட்டால் யானை போகும். பெர்ன்ஸ்டைன் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்தார். அவருடைய வெள்ளை ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாயும் அசையாமல் நின்றன, மூச்சுவிட ஒரு கட்டம் இல்லை. இந்த ஆட்டத்தைக் காட்டிய பிறகு எங்கள் பிள்ளைகள் ராஜாவுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று சிப்பாயை எச்3-க்கு நகர்த்துவதை அதிகமாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது சொந்த ஆட்டம்தான். போட்டி முடிந்து வந்ததும் இஞ்சினை (ஆட்டத்தை அலசும் மென்பொருளை) போடாமல் முதலில் நீங்களே ஆட்டத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்க வேண்டியிருந்தது, நிற்காமல் போனோம் என்று அடையாளம் போடுங்கள். பிறகு இஞ்சின். அது காட்டும் இடமும் நீங்கள் போட்ட அடையாளமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொருந்தாத நிலைகளை ஒவ்வொன்றாகத் தனித் தாளில் வரைந்து, உங்கள் பஸில் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். உங்களுடைய ஓப்பனிங்கிலிருந்து, உங்களுடைய சிப்பாய் அமைப்பிலிருந்து வந்த நிலை அது, திரும்ப வரும்.

இனி சின்னச் சின்ன நடைமுறைகள். நேரடிப் போட்டிக்குப் போகிறவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பஸிலை நிஜப் பலகையில் அடுக்கிப் போட வேண்டும். போன் திரையில் பலகை மேலிருந்து பார்ப்பது மாதிரி தட்டையாக இருக்கும். மேஜையில் காய்கள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கும். தூரத்து பிஷப் ராணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அடுக்குவதற்கு ஆகும் இரண்டு நிமிடமும் வீணில்லை, அடுக்கும்போதே நிலை மனதில் பதிகிறது.

மூன்று நிமிடத்தில் எத்தனை முடியும் என்று ஓடும் பஸில் ஸ்டார்ம் மாதிரியானவை கண் பழக்கத்துக்கு நல்லவை, அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதையே முழுப் பயிற்சியாக வைத்துக்கொண்டால், 90 நிமிட ஆட்டத்தில் மூன்று நிமிட வேகத்தில் ஆடும் கை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரைமணி நேரம் மேல். அந்த அரைமணியில் முதல் பத்து நிமிடம் எளியவை. மீதி நேரத்துக்குக் கடினமானவை இரண்டோ மூன்றோ, எழுதிப் போட்டால் போதும். ஒன்று கால் மணி நேரத்தில் வரவில்லையென்றால் பதிலைப் பார்த்துவிடலாம். அதற்கு மேல் முட்டிக்கொண்டிருந்தால் களைப்புதான் மிச்சம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆனந்த் சிறு வயதில் குடும்பத்தோடு மணிலாவில் இருந்தபோது, அங்கே டிவியில் பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். முடிவில் ஒரு பஸில் கொடுப்பார்கள். ஆனந்த் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பார். அவருடைய அம்மா ஆட்டங்களையும் பஸிலையும் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து போட்டு, விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். கடைசியில், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லும் அளவுக்கு அவர் பரிசு வாங்கிவிட்டார் என்பதை ஆனந்தே சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒரு பஸில், பக்கத்தில் ஒரு ஆள், சேர்ந்து பேசிப் போடுவது. உங்களுக்குச் செஸ் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. "எதிராளி இப்ப என்ன பண்ணுவான்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகும் குழந்தை, வாயால் வரிசை சொல்லும் பழக்கத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

ஐம்பது வயதைத் தாண்டிய நண்பர்களும் கேட்கிறார்கள், இனிமேல் இதெல்லாம் ஏறுமா என்று. வேகம் பிள்ளைகளுக்கு வருவது மாதிரி நமக்கு வராது. ஆனால் நிதானம் நமக்குச் சீக்கிரம் வருகிறது. கை மடியில் இருக்க வேண்டும் என்ற விதியை ஒரு பத்து வயதுப் பையனுக்குப் புரியவைக்க மாதக்கணக்கில் ஆகும். பெரியவர்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கிளாசிக்கல் ஆட்டத்தில் அது பெரிய சொத்து. பிளிட்ஸை (சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டத்தை) விட்டுவிட்டு நீண்ட நேர ஆட்டங்களுக்குப் போங்கள், வித்தியாசம் தெரியும்.

போட்டி அன்று காலையில் புதிய, கடினமான பஸில் எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே பலமுறை போட்ட தொகுப்பிலிருந்து பத்து மேட் இன் டூ போதும். அரங்குக்குள் போனுக்கு அனுமதி இல்லை, ரவுண்டுகளுக்கு நடுவிலும் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே முந்தின நாளே அந்தப் பத்தையும் ஒரு தாளில் அச்செடுத்து ஸ்கோர்புக்கோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) ஒட்டும் வரை மரத்தடியில் உட்கார்ந்து, வரிசையை வாயால் சொல்லிப் பாருங்கள். ரவுண்டுக்குள் நுழையும்போது தாளை வெளியே இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஆட்டத்தின்போது எழுதிய குறிப்போ அச்சிட்ட தாளோ கையில் இருக்கக் கூடாது.